வீதிச் சந்திகளிற் பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டிகளும்

தீவகத்திலே பிறந்து வளர்ந்த நம்மவர்க்குப் ‘பாதை’ என்னுஞ் சொல் இரு பொருள் உடையது. நிலத்தின்மேற் செல்லும் வழி ஒன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலைக் கடத்திவிடும் மிதவை மற்றொன்று. இவ்விரண்டாவது பாதையிலே துவிச்சக்கர வண்டியை உருட்டி ஏற்றி, அதன் கைபிடியைப் பற்றியபடி நின்று கடல் கடந்த நாட்களை மறவாத பழைய மாணவர் நம்மிற் பலர். கல்வி வகுப்பறையிலேதான் தொடங்குகின்றது என்று அன்று எண்ணியிருந்தோம். பிற்காலத்திற் போக்குவரத்துப் பொறியியலைப் பயின்றபோதே, அந்நூலின் முதலத்தியாயத்தை அந்தத் துறையடியிலேயே கற்றிருந்தேன் என்பது எனக்குப் புலனாயிற்று.

விழா மலருக்கு மாணவர்க்குப் பயன்படும் ஒரு கட்டுரை வேண்டும் எனக் கேட்கப்பட்டது. சமிக்ஞை விளக்கமைந்த சந்தியொன்றின் கொள்திறனைப் பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டிக்காரரும் எவ்வாறு மாற்றுகின்றனர் என்பதையே பொருளாகக் கொண்டேன். “சிவப்பும் பச்சையுங் காட்டும் விளக்கைப் பார்த்துத் தீவகத்தில் வளர்ந்தவர் யார்? இக்கட்டுரை நமக்கு எதற்கு?” எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து நகரத்தை அடையும் தீவகத்தார், சந்தைக்கோ வைத்தியசாலைக்கோ கந்தோருக்கோ செல்லுங்கால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கின்றனர். அன்றேல் துவிச்சக்கர வண்டியிற் செல்கின்றனர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவரோ நாள்தோறும் பத்துச் சந்திகளையேனும் கடக்கின்றனர். எனவே, சந்தியில் நடப்போனுக்கும் மிதிப்போனுக்கும் உரிய பங்கு யாது என்னும் வினா நம்முடைய வினாவேயாகும்.

பாதை கற்பித்த பாடம்

மிதவையின் இயக்கத்தை ஒருமுறை மனத்திற் கொண்டுவருவோம். அது அக்கரை சென்று மீண்டு இக்கரை சேரும் வரையுள்ள காலம் ஒரு சுற்று. அச்சுற்றிலே நாம் ஏறுவதற்கு வாய்க்கும் காலம் ஒரு சிறு பகுதியே. கட்டவும் அவிழ்க்கவும் செல்லுங் காலத்தில் எவரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அது இழந்த காலம். ஏறுங் காலத்தில் எவ்வளவு விரைவாக மக்கள் உட்புகுவர் என்பது, வாயில் எவ்வளவு அகலம், எவர் எதனைக் கொண்டு வருகின்றனர் என்பவற்றைப் பொறுத்தது. இடங்கிடையாதோர் அடுத்த சுற்றுக்குக் காத்து நிற்பர்.

சமிக்ஞை விளக்கும் இவ்வாறே. பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒருமுறை மாறி மீண்டும் பச்சை தோன்றும் வரையுள்ள காலம் ஒரு சுற்று. ஒரு திசைக்குக் கிடைப்பது அச்சுற்றின் ஒரு பகுதியே. பச்சை விழுந்தவுடன் முதல் வண்டி சற்றுத் தயங்கிப் புறப்படும். பச்சை ஓய்ந்தபின் சந்தி வெறுமையாகும் வரை மற்றத் திசையார் பொறுத்து நிற்றல் வேண்டும். இவையிரண்டும் இழந்த காலம்.

பச்சை நிலைத்திருக்கும்போது, வரிசையில் நின்ற கார்கள் ஏறத்தாழ 2 செக்கனுக்கு ஒன்றாகக் கோட்டைக் கடக்கின்றன எனக் கொள்வோம். மணித்தியாலம் முழுவதும் பச்சையாகவே இருப்பின் ஒரு நிரையில் 1800 கார்கள் செல்லும். இதனை ‘நிரம்பற் பாய்ச்சல்’ எனலாம். 60 செக்கன் கொண்ட ஒரு சுற்றிலே அத்திசைக்குப் பயன்படும் பச்சை 24 செக்கனாயின், 1800இல் அறுபதில் இருபத்துநான்கு பங்கு, அதாவது 720 கார்களே ஒரு மணித்தியாலத்திற் செல்லலாம். இந்த 720தான் அந்நிரையின் கொள்திறன். இனி வருவனவெல்லாம் இவ்வெண்ணைக் கூட்டுவது எது, குறைப்பது எது என்னும் ஆராய்ச்சியே.

விளக்குத் தோன்றிய வரலாறு

சமிக்ஞை விளக்கு மோட்டார் வண்டிக்காகவே பிறந்தது என்பது பலரது எண்ணம். வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. உலகின் முதல் வீதிச் சமிக்ஞை 1868ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மாநகரிலே பாராளுமன்றத்தின் அருகில் நிறுவப்பட்டது. அதனை அமைத்தவர் நைட் என்னும் புகையிரதப் பொறியியலாளர். அன்று மோட்டார் வண்டி இல்லை. குதிரை வண்டிகளே இருந்தன. அவற்றின் நெருக்கத்திடையே நடந்து வருவோர் தீங்கின்றி வீதியைக் கடத்தற்பொருட்டே அக்கருவி வேண்டப்பட்டது. பகலிற் கைகாட்டியாலும் இரவில் வாயு விளக்காலும் அது குறிப்புக் காட்டிற்று. அடுத்த ஆண்டு சனவரியில் வாயுக் கசிவினால் வெடித்து, அதனை இயக்கிய பொலிசுக்காரரைக் காயப்படுத்தியது, அதன்பின் கைவிடப்பட்டது. மின்சாரத்தால் இயங்கும் சமிக்ஞை 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எழுந்தது. அக்காலந்தொட்டு மோட்டார் வண்டியே சந்தியின் தலைவனாயிற்று. எவனுக்காகக் கருவி பிறந்ததோ அவனே அதன் கணக்கிற் பின்தள்ளப்பட்டான்.

துவிச்சக்கர வண்டியின் அளவு

சந்தியில் வருவன யாவும் கார்களல்ல. பஸ் நீளமானது, துவிச்சக்கர வண்டி ஒடுக்கமானது. இவற்றை ஒரே கணக்கில் அடக்குதற்காக அறிஞர் ‘கார் அலகு’ என்னும் அளவைக் கண்டனர். பிரித்தானிய வீதி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பார் 1958இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படை நூலாகப் போற்றப்படுகின்றது. அக்காலத்திற் பிரித்தானியச் சமிக்ஞைச் சந்திகளுக்குக் கொள்ளப்பட்ட அளவுகள் இவை: கார் 1, பஸ் 2.25, மோட்டார்ச் சைக்கிள் 0.33, துவிச்சக்கர வண்டி 0.2. அதாவது, ஒரு கார் கடக்குங் காலத்தில் ஐந்து துவிச்சக்கர வண்டிகள் கடந்துவிடும்.

இவ்வெண்களை மனிதர் தொகையோடு பொருத்திப் பார்த்தல் நன்று. தனியே ஒருவர் காரில் வந்தால் அவர் சந்தியில் 1 அலகு கொள்கின்றார். இருவர் வந்தால் ஒருவர்க்கு அரை அலகு. துவிச்சக்கர வண்டிக்காரர்க்கு 0.2 அலகு. 45 பேருடன் வரும் பஸ்ஸிலோ ஒருவர்க்கு 0.05 அலகே ஆகின்றது. பத்து மாணவர் துவிச்சக்கர வண்டியில் வந்தால் 2 அலகு. நாம் மேலே கொண்ட வேகத்தின்படி 4 செக்கனிற் கடந்து முடிப்பர். அப்பதின்மரும் தனித்தனிக் காரில் வந்தால் 20 செக்கன் வேண்டும். பச்சை முழுவதுமே 24 செக்கன் எனக் கண்டோம். “சைக்கிள்காரரால் வீதி அடைபடுகின்றது” என்று கார்க் கண்ணாடியினுள்ளிருந்து முறையிடுவோர், அவர் அனைவரும் கார் வாங்கினால் தம் கதி யாதாகும் என்பதைச் சிறிது சிந்திப்பாராக.

எனினும் 0.2 என்னும் எண் எங்கும் எப்போதும் மாறாதது எனக் கொள்ளலாகாது. கூட்டமாக நேரே செல்லும்போதே அது பொருந்தும். ஒடுங்கிய வீதியிலே தனியொரு துவிச்சக்கர வண்டி பஸ்ஸின் முன்னாற் சென்றால், பஸ்ஸின் வேகத்தையும் அதுவே விதிக்கும். வலப்புறந் திரும்ப வேண்டி நடுச்சந்தியிற் காத்து நிற்கும் துவிச்சக்கர வண்டி, பின்வருவோரை மறிப்பதோடு தானும் ஆபத்துக்கு உள்ளாகின்றது. மேலும், அது சந்தியைக் கடக்க நேரங் கூடுதலாக எடுக்கும். 20 மீற்றர் அகலமான சந்தியைச் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் செல்லும் கார் 2 செக்கனிற் கடக்கும். செக்கனுக்கு 4 மீற்றர் செல்லும் துவிச்சக்கர வண்டிக்கு 5 செக்கன் வேண்டும். பச்சையின் கடைசிக் கணத்தில் உட்புகுந்தவனுக்கு அந்த மிகுதி 3 செக்கனைக் கொடாத சமிக்ஞை, அவனைக் குறுக்கே வரும் வண்டிகளின் முன்னிலையில் விட்டுவிடுகின்றது.

எனவே பிற நாட்டு எண்களை அப்படியே எடுத்து நம் வீதியிற் பொருத்துதல் தகாது. நிரை பிரித்துச் செல்லாத, பலவகை வண்டியுங் கலந்தோடும் வீதிகளுக்குத் தனி அளவு வேண்டும் என்பதை உணர்ந்தே, இந்தியாவில் மத்திய வீதி ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் 2017இல் அந்நாட்டுக்கெனக் கொள்திறன் கைந்நூலொன்று ஆக்கப்பட்டது. நம் வீதிகளையும் நாமே அளத்தல் வேண்டும்.

திரும்பும் வண்டியும் கடக்கும் மனிதரும்

இனிப் பாதசாரியைப் பற்றி நோக்குவோம். நேரே செல்லும் வண்டிகளுக்குப் பாதசாரியால் இடையூறு பெரிதும் இல்லை. அவை செல்லும்போது அவற்றின் குறுக்கே அவன் செல்வதில்லை. இடர்ப்பாடு தோன்றுவது திரும்பும் வண்டிக்கே. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. ஒரு திசைக்குப் பச்சை விழும்போது, அத்திசையில் நடப்போர்க்கும் கடக்க உத்தரவு கிடைக்கின்றது. இடப்பக்கந் திரும்பும் வண்டியோ அவர்கள் கடக்கும் இடத்தின் ஊடாகவே செல்லல் வேண்டும். விதிப்படி வண்டி நிற்க, மனிதர் செல்வர். இருவரும் வேண்டுகின்ற அச்சிறு நிலத்தைப் ‘பிணக்கிடம்’ என்போம்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகு வந்து சேரும் வேளையை நினைத்துப் பாருங்கள். நயினாதீவிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ வந்தோர் பையுங் கூடையுமாக ஒரே திரளாக வெளிவருகின்றனர். அத்திரளின் ஊடே திரும்ப வேண்டிய பஸ் என் செய்யும்? நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும்? நூறு பேர் வந்தனரா இருநூறு பேர் வந்தனரா என்பதைவிட, அவர்கள் அவ்விடத்தை எவ்வளவு நேரம் நிறைத்து நிற்கின்றனர் என்பதே அதனை நிருணயிக்கும். நூறு பேர் நெருங்கிச் சேர்ந்து நடந்தால் விரைவில் இடம் வெறுமையாகும். ஐம்பது பேர் ஒவ்வொருவராக இடைவிட்டு வந்தால் அதனினும் நீண்ட நேரம் பஸ் நிற்க நேரும். ஆனித் திங்களில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மகோற்சவத்திற்குச் செல்வோரை அத்துறையிற் கண்டவர்க்கு இது விளங்கும்.

இவ்வுண்மையையே எண்களாற் கூறுவது ஐக்கிய அமெரிக்காவின் வீதிக் கொள்திறன் கைந்நூல். 1950இல் முதன்முதல் வெளிவந்த அந்நூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிற் காணப்படும் முறையை இங்கே சுருக்கித் தருகின்றேன். அந்நாட்டிலே வண்டிகள் வலப்புறஞ் செல்வதால் அவர்கள் வலத்திருப்பம் என்பது நமக்கு இடத்திருப்பமாகும்.

முதலிற் பாதசாரிகளின் தொகையைப் பச்சைக் காலத்துக்குரிய வீதமாக மாற்றுதல் வேண்டும். நமது உதாரணச் சந்தியில் மணித்தியாலத்துக்கு 200 பேர் கடக்கின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் கடப்பது 60 செக்கனில் 24 செக்கனுள் மட்டுமே. ஆகையால் பச்சைக் காலத்தில் அவர்களின் வீதம் 200ஐ 60ஆற் பெருக்கி 24ஆற் பிரித்த ஈவு, அதாவது 500. இவ்வீதம் 1000ஐ மேற்படாதவரையில் அதனை 2000ஆற் பிரிக்கப் பிணக்கிடம் நிறைந்திருக்கும் பின்னம் கிடைக்கும். 500ஐ 2000ஆற் பிரிக்க 0.25. பச்சையின் காற்பங்கு நேரம் அவ்விடம் மனிதர்க்குரியது என்பது பொருள்.

அடுத்துத் துவிச்சக்கர வண்டிகள். திரும்பும் காரின் இடப்புறமாக நேரே செல்லும் அவையும் அதன் வழியைக் குறுக்கிடுகின்றன. மணித்தியாலத்துக்கு 108 வண்டிகள் எனில் பச்சைக் காலத்தில் வீதம் 270. இதனை 2700ஆற் பிரித்து 0.02 கூட்ட 0.12 ஆகின்றது.

இவையிரண்டையும் வெறுமனே கூட்டி 0.37 எனல் பிழையாகும். மனிதர் கடக்கும் அதே கணத்தில் துவிச்சக்கர வண்டியுஞ் செல்லலாமன்றோ? ஒரே கணத்தை இருமுறை எண்ணலாகாது. ஆகையால் இரண்டின் பெருக்கமாகிய 0.03ஐக் கழிக்க, 0.34 எஞ்சும். திரும்பிச் செல்லும் வீதியில் ஒரே நிரைதான் உண்டெனில், வண்டிகளுக்கு எஞ்சுவது 0.66. முன்னர் 720 எனக் கண்ட கொள்திறன் ஏறத்தாழ 475 ஆகக் குறைகின்றது. புகும் வீதி அகன்று இன்னொரு நிரை இருப்பின், வண்டிகள் விலகிச் செல்ல இடமுண்டு, அப்போது 0.34இன் பத்தில் ஆறு பங்கே குறைவாகக் கொள்ளப்படும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. பாதசாரிகள் மணித்தியாலத்துக்கு 400 ஆனால் பச்சைக் கால வீதம் 1000, நிறைவு 0.5. தொகை மீண்டும் இரட்டித்து 800 ஆனால் வீதம் 2000. ஆயினும் நிறைவு 1 ஆவதில்லை. 1000க்கு மேற்பட்ட வீதத்துக்கு விதி வேறு: வீதத்தைப் 10,000ஆற் பிரித்து 0.4ஐக் கூட்டல் வேண்டும். வருவது 0.6 மாத்திரமே. மனிதர் பெருகப் பெருக அவர்கள் சேர்ந்து நடக்கின்றனர். முன்னவன் செல்லும் நேரத்திலேயே பின்னவனுஞ் செல்கின்றான். பாடசாலை விட்டதும் நூறு பிள்ளைகள் கடப்பதைக் கண்டு பொறுமையிழப்போர், அவர்கள் ஒவ்வொருவராகக் கடந்திருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டி வந்திருக்கும் என்பதை அறியார்.

சுற்றின் நீளம்

ஒரு நிரையின் குறைவு சந்தி முழுவதையுந் தாக்கும். வெப்ஸ்டர் தந்த விதி ஒன்றுண்டு. ஒரு சுற்றில் இழக்கப்படும் மொத்தக் காலத்தை ஒன்றரையாற் பெருக்கி 5 கூட்டுக. ஒவ்வொரு கட்டத்திலும் மிக நெருக்கமான நிரையின் வருகையை அதன் நிரம்பற் பாய்ச்சலாற் பிரித்து வரும் பின்னங்களை எல்லாம் கூட்டி, அதனை 1இலிருந்து கழிக்க. முன்னதைப் பின்னதாற் பிரிக்கத் தாமதம் மிகக் குறைந்த சுற்று நீளம் செக்கனிற் கிடைக்கும்.

வேறொரு சந்தியில் இழந்த காலம் 10 செக்கன், பின்னங்களின் கூட்டு 0.6 என்க. 20ஐ 0.4ஆற் பிரிக்க 50 செக்கன். இக்கூட்டினுள், 300 கார்கள் வரும் இடத்திருப்ப நிரையொன்று, பாதசாரிகளை எண்ணாது 1800ஆற் பிரிக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதன் பங்கு 0.167. உண்மையில் நாம் முன் கண்ட 0.66ஆற் குறைந்த பாய்ச்சல் 1188, பங்கு 0.253. கூட்டு 0.686 ஆக உயர்கின்றது. சுற்று ஏறத்தாழ 64 செக்கன் ஆகல் வேண்டும். பாதசாரிகளை எண்ணாமல் 50 செக்கன் என வகுத்த சந்தியிலே, அந்நிரை நாள்தோறும் நீண்டு வளரும். அதனைக் கண்டோர் “மனிதர் குறுக்கிடுவதால் வந்த வினை” என்பர். மனிதரை எண்ணாததால் வந்த வினை அது.

நான் செய்த பிழை

இவ்வாறு எழுதும் நானும் அக்குற்றத்துக்கு உட்பட்டவனே. தொழில் பழகிய இளமையில், நகரொன்றிலே ஒரு சந்தியின் போக்குவரத்தை எண்ணுமாறு பணிக்கப்பட்டேன். எனக்குத் தரப்பட்ட படிவத்திற் கார், பஸ், லொறி, மோட்டார்ச் சைக்கிள் என நிரல்கள் இருந்தன. துவிச்சக்கர வண்டிக்கு நிரல் இல்லை, நடப்போர்க்கும் இல்லை. இரண்டு நாள் வெயிலில் நின்று, நிரலில் உள்ளவற்றை மட்டும் நேர்மையாக எண்ணினேன். கணக்கும் பிழையின்றிப் போட்டேன். விளக்கு ஏற்றப்பட்ட மறுவாரம் அங்கே சென்று பார்த்தேன்.

சந்தைக்குச் செல்லும் முதிய பெண்ணொருவர் கூடையைத் தலையிற் சுமந்து வீதியில் இறங்கினார். அவர் நடுவீதியை அடையுமுன்னரே விளக்கு மாறிற்று. இருபுறமும் வண்டிகள் ஒலியெழுப்பின. முன்னேயும் போகாது பின்னேயும் வாராது அவர் நின்ற நிலை இன்றும் என் கண்முன் நிற்கின்றது. ஒருவர் கைகாட்டி வண்டிகளை நிறுத்தியதால் தீங்கு நேரவில்லை. நான் வகுத்த பச்சை 12 செக்கன். பக்க வீதியின் வண்டிகளுக்கு அது போதும். வீதியின் அகலம் 12 மீற்றர். செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவர்க்கே 10 செக்கன் வேண்டும், 0.9 மீற்றர் நடக்கும் முதியவர்க்கு 13 செக்கனுக்கு மேல் வேண்டும். விளக்கைக் கண்டு இறங்குதற்குரிய நேரம் வேறு. என் கூட்டலிற் பிழையில்லை, எண்ணியதிலேயே பிழை. தலைமை அலுவலரிடம் சென்று உண்மையை உரைத்தேன். அவர் சினவாது நேரத்தை மாற்றுவித்தார்.

நடைவேகம் செக்கனுக்கு 4 அடி, அதாவது ஏறத்தாழ 1.2 மீற்றர், என்பது பல காலம் வழங்கிய அளவு. ஐக்கிய அமெரிக்காவின் சமிக்ஞை விதிநூல் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை மூன்றரை அடியாகக் குறைத்தது. இறங்குதற்குரிய குறிப்புக்கும் பொதுவாக 7 செக்கனேனும் வேண்டும் என்கிறது. முதியோர் மிகுந்த நம் தீவகத்து ஊர்களை எண்ணும்போது இம்மாற்றத்தின் அருமை புலனாகும்.

பரிகாரங்கள்

நடப்போரையும் மிதிப்போரையும் விலக்கிவிட்டாற் சந்தி சிறக்கும் என்பது எளிதாகத் தோன்றும் கருத்து. ஆயின் அவர்களே சந்தியின் கொள்திறனை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்துவோர் என்பதைக் கண்டோம். வேண்டுவது விலக்கல் அன்று. காலத்தையும் இடத்தையும் ஒழுங்காகப் பங்கிடலே. அதற்குரிய வழிகள் சில.

முதலாவது, முந்திய புறப்பாடு. வண்டிகளுக்குப் பச்சை விழுமுன் மூன்று முதல் ஏழு செக்கன்வரை பாதசாரிக்கு முதலில் உத்தரவு கொடுப்பது. திரும்பும் சாரதி அசையுமுன்னரே மனிதர் அவன் கண்ணெதிரே வீதியில் இருப்பர். கொள்திறனிற் சிறிது குறையும். உயிர்க்குக் காப்பு மிகும்.

இரண்டாவது, நடுவீதித் தீவு. வீதியின் நடுவே அமைக்கும் சிறு திட்டையைப் பொறியியலாளரும் ‘தீவு’ என்றே வழங்குவர். நமக்கு உவப்பான பெயர்! 12 மீற்றர் வீதியை 6 மீற்றராக இரு கூறாக்கினால் ஒரு கூற்றுக்கு 5 செக்கன் போதும். ஆயினும் நடுவில் நின்று மீண்டுங் காத்திருக்க வேண்டியவன் பாதசாரியே. ஆகவே அத்தீவு, கூடையோடும் குழந்தையோடும் நிற்றற்கு இடமுள்ளதாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எல்லா வண்டிகளையும் ஒருசேர நிறுத்திப் பாதசாரிகளை எத்திசையிலும் கடக்கவிடுவது. ஹென்றி பார்ன்ஸ் என்னும் போக்குவரத்துப் பொறியியலாளர் அமெரிக்காவின் டென்வர் நகரில் இதனைப் பரப்பியமையால், ‘பார்ன்ஸ் நடனம்’ என நகைச்சுவையாகப் பெயர் பெற்றது. இதனை ஆராயாது ஏற்றலாகாது. நமது முதல் உதாரணத்தில் இடத்திருப்ப நிரை இழந்தது 24 செக்கனில் 0.34 பங்கு, அதாவது 8 செக்கன் அளவே. தனிக் கட்டம் வைத்தாலோ 7 செக்கனும் 10 செக்கனுமாக 17 செக்கன் எல்லாத் திசையாருக்கும் இழப்பாகும். மனித வெள்ளம் பெருகும் சந்திக்கே இது ஏற்றது.

நான்காவது, துவிச்சக்கர வண்டிக்கு முன்னிடம். நிறுத்தற் கோட்டுக்கு முன்னே அவர்களுக்கெனச் சில மீற்றர் நிலத்தை ஒதுக்கினால், சிவப்பிலே வந்தோர் முன்சென்று கூடி நிற்பர். பச்சை விழுந்ததும் ஒருமிக்கக் கடப்பர். திரும்பும் கார் அவர்களைப் பக்கத்தில் அன்றி முன்னே காண்கின்றது. வலப்புறந் திரும்புவோர் ஒரே பச்சையில் நடுச்சந்தியிற் காத்து நில்லாது, முதலில் நேரே கடந்து, அங்கே ஓரமாக நின்று, அடுத்த பச்சையில் மீண்டும் நேரே செல்லலாம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

மாணவர்காள், கற்றதை அளந்து பார்த்தல் வேண்டும். நகரத்திற்குச் செல்லும் ஒரு நாளில், ஆசிரியருடன் சந்தியொன்றின் ஓரத்திற் காப்பான இடத்தில் நின்று, பதினைந்து நிமிடம் எண்ணுங்கள். நடப்போர்க்கு ஒரு நிரல், துவிச்சக்கர வண்டிக்கு ஒரு நிரல், பஸ்ஸுக்கு ஒரு நிரல் எனத் தாளில் முதலிற் கோடிடுங்கள். தொகையை நான்காற் பெருக்கி மணித்தியால வீதத்தைக் காணுங்கள். பின்னர் பஸ்ஸினுள் உள்ளாரையும் ஒருவாறு மதித்து, வண்டிகளை அன்றி மனிதரைக் கூட்டுங்கள். இரு கூட்டுகளும் இரு வேறு கதைகளைக் கூறுவதைக் காண்பீர்கள்.

ஊரிலேயே செய்யத்தக்க பயிற்சியும் உண்டு. பத்து மீற்றரை நிலத்திற் குறித்து, உங்கள் பாட்டியார் இயல்பாக நடக்கும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு அளவுங்கள். பத்தை அந்நேரத்தாற் பிரிக்க அவர் வேகம் வரும். 1.2 என்னும் நூலெண்ணோடு அதனை ஒப்பிடுங்கள். எந்த எண்ணுக்காகச் சந்தி அமைக்கப்படல் வேண்டும் என்பதை அதன்பின் நீங்களே கூறுங்கள்.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் சிலர் நாளை பொறியியலாளராவர். சிலர் பிரதேச சபையிலும் மாகாணத் திணைக்களத்திலும் கடமையாற்றுவர். ஒருநாள் ஒரு படிவம் அவர் கையிற் கொடுக்கப்படும். எண்ணத் தொடங்குமுன் அதன் நிரல்களை ஒருமுறை நோக்குவாராக. நடந்து வருவோர்க்கும் மிதித்து வருவோர்க்கும் அங்கே நிரல் இல்லையாயின், பேனாவை எடுத்து இரண்டு கோடுகளை இழுப்பாராக. பாதையில் ஏறிக் கடல் கடந்து கற்றவர் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.